பிஎஸ்5-ல இடம் பத்தலையா? பழைய லேப்டாப் எஸ்எஸ்டிய மாட்டலாமா?

அடுத்த கேள்வி பிஎஸ்5, அதாவது சோனியோட பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல் பத்தி, மேலூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணே, பிஎஸ்5 நெறைஞ்சுருச்சு. பழைய லேப்டாப்ல கழட்டுன 512 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி சும்மா கெடக்கு. அதை மாட்டலாமா, இல்ல யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கே போதுமா?"

தம்பி, மொதல்ல அந்த எஸ்எஸ்டி மேல ஒட்டியிருக்கற லேபிளைப் படிங்க. எம்.2ங்கறது வெறும் வடிவம்தான். அதே வடிவத்துல மெதுவான பழைய வகை சாட்டாவும் வரும், வேகமான என்விஎம்இயும் வரும். பிஎஸ்5-க்கு வேண்டியது பிசிஐஇ ஜென் 4, அதாவது நாலாம் தலைமுறை என்விஎம்இ. லேபிள்ல சாட்டான்னு இருந்தா பேச்சே இல்ல, வேலைக்கு ஆகாது. ஜென் 3-ன்னாலும் வேணாம். பழைய லேப்டாப்புன்னு சொல்றீங்க, அப்ப இந்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும். அதுக்கு ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கி கம்ப்யூட்டருக்கு வச்சுக்கங்க.

புதுசா வாங்குனா, படிக்கற வேகம் நொடிக்கு 5,500 எம்பிக்குக் குறையாம பாருங்க, சோனி சொல்ற கணக்கு அது. 250 ஜிபில இருந்து 8 டிபி வரைக்கும் ஏத்துக்கும். மொதல்ல வந்த பிஎஸ்5-ல 825 ஜிபின்னு போட்டிருந்தாலும் நம்ம கைக்கு வர்றது 667தான். அதனால 1 டிபி போட்டாலே ரெண்டு மடங்குக்கு மேல ஆயிரும். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கடையில போய் "ஒரு எம்.2 குடுங்க"ன்னு மொட்டையா கேக்காதீங்க. "ஜென் 4, 2280, ஹீட்சிங்க்கோட"ன்னு கேளுங்க. 2280ன்னா 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். ஹீட்சிங்க்னா சூட்டை இழுத்து வெளிய விடற உலோகத் தகடு. ஜென் 5 போட்டா வேகம் கூடாது, ஸ்லாட்டே ஜென் 4தான். காசுக்குத்தான் கேடு.

ஹீட்சிங்க் கட்டாயம், அதுல சமாதானமே கெடையாது. கன்சோலே 35 டிகிரி வரைக்குந்தான் ஓட்டணும்னு போட்டிருக்கான். நம்மூர்ல சித்திரை வெயிலுக்கு ஃபேன் மட்டும் ஓடற ரூம்புல அதைத் தாண்டிரும். ஆனா உயரமான ஹீட்சிங்க்கும் ஆகாது: அடிப்பக்கமும் சேத்து மொத்த கனம் 11.25 மில்லிமீட்டர், அகலம் 25. டெஸ்க்டாப்புக்குச் செஞ்ச பெரிய ஹீட்சிங்க்க வாங்கிட்டு வந்தா ஸ்லாட் மூடி ஒக்காராது. தனியா வாங்கி ஒட்டுனா, தெர்மல் பேடு மேல இருக்கற பிளாஸ்டிக் தாளை உரிச்சுட்டு ஒட்டுங்க. அதை உரிக்க மறந்துட்டு "சூடாகுது, சூடாகுது"ன்னு சொல்றவங்கதான் பாதிப் பேரு.

இப்ப மாட்டறது. ரெஸ்ட் மோடு இல்ல, முழுசா ஆஃப் பண்ணி, வயரெல்லாம் கழட்டி, சூடு ஆற விடுங்க. ஸ்டாண்டையும் எடுத்துட்டு, டிஸ்க் போடற பக்கம் கீழ இருக்கற மாதிரி துணி விரிச்சுப் படுக்க வைங்க. மேல் மூடியைக் கழட்டுனா நீளமா ஒரு சின்னத் தகட்டு மூடி தெரியும், ஒத்த ஸ்க்ரூ. அதுக்கு 1-ஆம் நம்பர் ஸ்டார் டிரைவர் வேணும். வீட்ல சுவிட்ச் போர்டுக்கு வச்சிருக்கற பெருசைப் போட்டுத் திருகுனா ஸ்க்ரூ தலை வழுக்கிரும், அப்பறம் எடுக்கவே முடியாது.

உள்ள கடைசியில ஒரு ஸ்க்ரூவும் அதுக்கு அடியில வளையம் மாதிரி ஒரு ஸ்பேசரும் இருக்கும். அந்த ஸ்பேசரை 80-ன்னு போட்ட ஓட்டைக்கு மாத்துங்க. ஸ்பேசர் இல்லாம ஸ்க்ரூவை இறுக்குனா எஸ்எஸ்டி வளைஞ்சுரும். எஸ்எஸ்டிய சாய்வாச் சொருகி, தங்கக் கலர் முனை முழுசா உள்ள போனதும் கீழ அமுக்கி ஸ்க்ரூ போடுங்க. இறுக்கம் அளவா இருந்தாப் போதும். தகட்டு மூடியையும் மறக்காமத் திருப்பி மாட்டுங்க.

ஆன் பண்ணுனதும் ஃபார்மட் பண்ணவான்னு அதுவே கேக்கும். அந்த எஸ்எஸ்டில ஏதாச்சும் இருந்தா அழிஞ்சுரும், பாத்துக்கங்க. அந்த ஸ்க்ரீனே வரலைன்னா நெறைய நேரம் முனை சரியா உள்ள போயிருக்காது. திரும்ப ஆஃப் பண்ணி, கழட்டிச் சொருகிப் பாருங்க. அப்பறம் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ்க்குப் போய், புது கேம் எங்க ஏறணும்னு எம்.2-வுக்கு மாத்திக்கங்க. பழைய கேமை அழிச்சு டவுன்லோடு பண்ணி நெட்டைக் காலி பண்ண வேணாம், 'மூவ்' குடுத்தா நிமிசக் கணக்குல போயிரும்.

யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் கேட்டீங்கள்ல. பிஎஸ்4 கேமை அதுல இருந்தே விளையாடலாம். பிஎஸ்5 கேமை அதுல போட்டு வைக்கலாம், ஆனா விளையாடணும்னா உள்ள மாத்தித்தான் ஆகணும். எப்பவாச்சும் ஒரு தடவை விளையாடற கேமுக்கு அது போதும், செலவும் கம்மி. நேரா பின்னாடி இருக்கற போர்ட்டுல சொருகுங்க, யூஎஸ்பி ஹப் வழியா எடுக்காது. முதல் மாடல்னா முன்னாடி இருக்கற பெரிய போர்ட்டும் மெதுவானது, அதுலயும் எடுக்காது. கேம் மாறிக்கிட்டு இருக்கறப்ப கரண்ட் போனா ஹார்ட் டிஸ்க்ல கோளாறு வரலாம். மறுபடி ஆன் பண்ணுனா ரிப்பேர் பண்ணணும்னு நிக்கும். பவர் கட் அடிக்கடி வர்ற ஏரியாவுல கம்ப்யூட்டருக்குப் போடற யூபிஎஸ் இருந்தா அதுல மாட்டிக்கங்க.

ஸேவ் ஃபைலைப் பத்திக் கவலைப்படாதீங்க. பிஎஸ்5 கேமோட ஸேவ் கன்சோலோட சொந்த எஸ்எஸ்டிலதான் இருக்கும். கேமை எங்க மாத்துனாலும் அது அங்கயேதான் கெடக்கும்.