எண்ணூருக்குத் தெரிந்த வாடை

நேயர்களுக்கு வணக்கம்.

மாலையில் மெரினாவில் உட்கார்ந்தால் தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்கள் தெரியும். சும்மா நிற்கிறது போலிருக்கும். ஆனால் உள்ளே ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். விளக்குக்கும் பம்புக்கும் மின்சாரம் வேண்டுமே. என்ஜின் அறையிலேயே காலம் கழித்தவன் நான். அந்தச் சத்தம் எனக்குக் கரையிலிருந்தே கேட்கிற மாதிரி இருக்கும்.

பெரிய கப்பல்கள் பலவும் இன்னும் எரிப்பது தார் மாதிரியான கனரக எண்ணெயைத்தான். 100 டிகிரிக்கு மேல் காய்ச்சினால்தான் அது என்ஜினுக்குள் இறங்கும். பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில், உலகம் முழுவதும் வெளியாவதில் ஏறக்குறைய 3 சதவீதம் கப்பல்கள் விடுவது. 2050 வாக்கில் இதை நிகர பூஜ்ஜியமாக்குவோம், அதாவது விடுவதையும் ஈடுகட்டுவதையும் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லாமல் செய்வோம் என்று 2023-ல் சர்வதேச கடல்சார் அமைப்பில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அதற்கான விதிகளை நிறைவேற்ற 2025 அக்டோபரில் கூடியவர்கள், ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டுக் கலைந்தார்கள்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே அதே பயணத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மிச்சம். சரக்குக்காரர்தான் முகம் சுளிப்பார்! பழைய பாய்மரமும் புது உருவில் திரும்பி வருகிறது: 2023-ல் பிக்சிஸ் ஓஷன் என்ற சரக்குக் கப்பல் காற்றைப் பிடிக்கும் இரண்டு ராட்சதச் சிறகுகளை நிமிர்த்திக்கொண்டு கடலோடியது.

அப்புறம், அந்தக் கனரக எண்ணெய்க்கு மாற்றான எரிபொருள். மெத்தனால் சாதாரண வெப்பத்திலேயே திரவம், கையாளுவது சுலபம். டேங்க்தான் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக வேண்டும். அம்மோனியாவில் கரியே கிடையாது. ஆனால் இன்று அதை அதிகமும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பதால், கப்பலில் வராத புகை ஆலையில் வந்துவிடுகிறது. சூரிய ஒளியிலோ காற்றிலோ எடுத்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனில் செய்தால்தான் கணக்கு நேராகும். தூத்துக்குடித் துறைமுகம் அந்த ஹைட்ரஜனில் சிறிய அளவில் இறங்கியிருக்கிறது.

எனக்குள்ள தயக்கம் வேறு. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கப்பலிலிருந்து ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் ஓடினார்கள். அது உரத்துக்கு வந்த அம்மோனியா. நாளை எரிபொருளாகவும் வந்தால், நிரப்பும் குழாய் எந்தக் குப்பத்தை ஒட்டிப் போகும், கசிந்தால் சங்கு ஊதுவது யார், எந்தப் பக்கம் ஓடுவது என்பதைக் குழாய் போடுவதற்கு முன்பே அந்த மக்களிடம் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

வணக்கம்.