தாமான் வீட்டுக்குக் கலப்பினக் கோழியே

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், ஞாயிறு மாலையைக் கோழிக்காக ஒதுக்கி இந்தப் பட்டர்வொர்த் மண்டபத்தில் அமர்ந்திருக்கும் உங்களுக்கும் என் வணக்கம்.

தாமான் எனப்படும் நெருக்கமான குடியிருப்பு வீட்டில் முட்டைக்கு வளர்க்கச் சிறந்தது தூய இனக் கோழியா, கலப்பினக் கோழியா என்ற கேள்விக்கு எதிரணித் தலைவர் ஆஸ்திரலார்ப் இனத்தை முன்னிறுத்தினார். 1922–23இல் ஆஸ்திரேலியாவில் ஆறு கோழிகள் 365 நாளில் 1857 முட்டைகள் இட்டன என்று அவர் சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை முட்டைப் போட்டிக்கென்றே பொறுக்கியெடுக்கப்பட்டவை. கண்காட்சிக்காக இறகையும் உருவத்தையும் பார்த்துப் பெருக்கிய கோழியை இன்று அதே பெயரில் வாங்கி வந்து அந்த எண்ணிக்கையை எதிர்பார்ப்பது, பாட்டனார் ஓட்டத்தில் வென்றார் என்பதற்காகப் பேரனுக்குக் கோப்பை கேட்பது போன்றது.

அடுத்தவர் வெள்ளை லெகார்னைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 280 முட்டை இடக்கூடிய இனம்தான். அதன் குணத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் அமர்ந்துவிட்டார். நான் இரண்டு லெகார்ன் வளர்த்தவன். வாளியைக் கீழே வைக்கும் சத்தத்துக்கே அவை கூண்டின் கூரையில் போய் மோதும். அண்டை வீட்டு மதிலில் ஏறி நின்ற கோழியை இறக்க, இரவில் டார்ச் லைட்டோடு நாற்காலி போட்டு ஏறியவனுக்குத்தான் அந்த 280இன் விலை தெரியும்.

கம்பத்துக் கோழியை, அதாவது நாட்டுக்கோழியைப் பற்றி உருக்கமாகப் பேசினார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்கும் அந்த உருக்கம் உண்டு. ஆயினும் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அது அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு பல வாரம், அதுவரை முட்டை கிடையாது. அப்போது கூட்டருகே கை நீட்டினால் என்ன நடக்கும் என்பதை என் மணிக்கட்டுத் தழும்பு சொல்லும்.

எங்கள் அணி முன்வைப்பது கலப்பினக் கோழியை. பிரான்சில் உருவான ஐசா பிரவுன் போன்ற பழுப்புக் கலப்பினங்கள் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகின்றன; அடைக்கு உட்காருவது அரிது. பொன்னிற மரபணுவுள்ள சேவலையும் வெள்ளிநிற மரபணுவுள்ள பெட்டையையும் சேர்ப்பதால், பொரித்த அன்றே பெட்டைக் குஞ்சு பழுப்பாகவும் சேவல் குஞ்சு வெளிர்மஞ்சளாகவும் தெரிந்துவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய தாமான் வீட்டில், பெட்டை என்று நம்பி வளர்த்தது ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்குக் கூவினால் என்னாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதன் குஞ்சு தாயைப் போல் வராது என்றார்கள். சேவலே இல்லாத வீட்டில் குஞ்சு ஏது? இரண்டு ஆண்டில் தளர்ந்துவிடும், கருமுட்டைப் பாதையில் நோய் வரும் என்றார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் என்றால், 300 முட்டைக்கு 600 கிராம் அந்தச் சிறிய உடலைக் கடந்து போகிறது. சிப்பித் தூளும் சரியான தீவனமும் கொடுக்க மனமில்லாதவர் இதை வாங்க வேண்டாம். நெருக்கி அடைத்தால் ஒன்றின் இறகை ஒன்று கொத்தும் என்பதும் உண்மை.

ஆனால் மனிதரிடம் அது காட்டும் குணம் வேறு. முட்டையிடும் பருவம் வந்த பழுப்புக் கோழியின் முதுகுக்கு நேராகக் கையைக் கொண்டுபோனால், ஓடாமல் சிறகைச் சற்றே விரித்து அப்படியே குந்திவிடும். என் நான்கு வயதுப் பேத்தி தினமும் காலையில் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சூடு ஆறாத முட்டையை எடுத்து வருகிறாள். லெகார்னிடம் அதைச் செய்து பார்க்க எதிரணியினரை என் வீட்டுக்கு அழைக்கலாம் என்றால், அவை இரண்டும் மதில் தாண்டிப் போய் ஓராண்டாகிறது.