மஞ்சள் பையில் இரண்டு இன்ஹேலர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் குழந்தைகள் புறநோயாளிப் பிரிவில் முப்பது வருஷம் செவிலியராக இருந்தவள் நான். வீசிங், அதாவது ஆஸ்துமா இழுப்பு என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மருந்துப் பையைக் கொடும்மா" என்பதுதான். பையை மேசையில் கவிழ்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

ஒரு ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே ஒரு அம்மா வந்தார். இடுப்பில் மூன்று வயதுப் பையன், நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி சத்தம். மஞ்சள் பையிலிருந்து இரண்டு இன்ஹேலர் விழுந்தன. நீல நிறத்தது அழுத்தி அழுத்தி மூடியே தொலைந்துபோய், உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் இருந்தது. ஆரஞ்சு நிறத்தது அட்டைப்பெட்டிக்குள், பிரிக்கவே இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"இதை ஏம்மா ஆரம்பிக்கலை?"

"இவன்தான் நல்லா இருந்தானே சிஸ்டர். நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மருந்துன்னு அத்தை சொன்னாங்க."

அந்த அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல் வந்தால் மருந்து, விட்டால் நிறுத்து என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். ஆஸ்துமாவில் அந்தக் கணக்கு செல்லாது. விசில் சத்தம் கேட்காத நாளிலும் மூச்சுக்குழாயின் உட்சுவர் லேசாக வீங்கித்தான் இருக்கும். சளி பிடித்தாலோ புகை பட்டாலோ அந்த வீங்கின குழாய் சுருங்கி, உள்ளே கோழை சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. வேளச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நவம்பரில் தெருவில் தண்ணீர் நின்ற பிறகு மோட்டார் வைத்து இறைப்பது ஒரு வேலை. ஆகஸ்ட், செப்டம்பரில் வெயில் காயும்போதே மழைநீர் வடிகாலைத் தூர் வாரி வைப்பது இன்னொரு வேலை. நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் மோட்டார் மாதிரி. சில நிமிஷத்தில் குழாயை விரித்துவிடும், நாலைந்து மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும், வீக்கத்தை அது தொடுவதில்லை. தூர் வாருகிற வேலை, அந்த ஆரஞ்சு இன்ஹேலர் மாதிரி தினமும் போடுகிற தினசரி மருந்தினுடையது. பியூடெசோனைட், ஃபுளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் என்று பல பெயரில் வரும். கொடுத்த அன்றைக்கே ஒன்றும் தெரியாது. பல நாள், சில வாரம் தொடர்ந்து போட்டால்தான் வீக்கம் வடியும்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நானே இதில் தவறியிருக்கிறேன். என் மகனுக்கு அப்போது நான்கு வயது. தினசரி மருந்தை ஆறு வாரம் தவறாமல் கொடுத்தேன், இருமலே இல்லை. நமக்குத் தெரியாததா என்று யாரையும் கேட்காமல் நானே நிறுத்திவிட்டேன். கார்த்திகையில் ஒரு ராத்திரி, கொட்டுகிற மழையில், ஆட்டோவில் அவனை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்து "அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட அவனுக்கு மூச்சு போதவில்லை. மடியிலேயே நீல மருந்து ஒன்றுக்கு இரண்டு தடவை கொடுத்தும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, விடிய விடிய மருந்து கொடுத்தார்கள். நான் வேலை பார்க்கிற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்த டாக்டர். "எப்போ நிறுத்தினீங்க சிஸ்டர்?" என்றார். நிறுத்தினீர்களா என்று கேட்கவே இல்லை.

அந்த அத்தைக்கு இன்னொரு பயமும் இருந்தது. அந்த ஆரஞ்சு மருந்து ஸ்டீராய்டாமே? ஆமாம், ஸ்டீராய்டுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இழுப்பு முற்றி ஆஸ்பத்திரிக்கு வந்தால், வாய்வழியாக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 12 மில்லிகிராம், அதாவது 12,000 மைக்ரோகிராம். தினசரி இன்ஹேலரில் குறைந்த அளவு என்றால் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம் வாக்கில் வரும். இரண்டும் வேறு வேறு மருந்து, எடைக்கு எடை ஒப்பிட முடியாது. இருந்தாலும் ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது, மற்றது நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. "பம்ப் வேண்டாம், சிரப்பே கொடுங்க" என்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் இருக்கிறது. இன்ஹேலரில் ஒரு பஃப், அதாவது ஒரு தடவை அழுத்தினால் வருவது, 100 மைக்ரோகிராம். ஒரு ஸ்பூன் சிரப்பில் இருபது பஃப் மருந்து! பிள்ளைக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் ஏன் நடுங்காது?

உயரம் குறையுமா என்றும் கேட்பார்கள், நியாயமான கேள்வி. வட அமெரிக்காவில் 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குச் சில வருஷம் தினமும் பியூடெசோனைட் கொடுத்து, அவர்கள் வளர்ந்து ஆளாகும்வரை அளந்து பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. அந்த மருந்து எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. ஒரு சுண்டுவிரல் அகலம். அந்தக் குறை ஆரம்ப வருஷங்களில் வந்ததுதான், வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகவில்லை. அதனால்தான் பிள்ளைக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் இழுப்பு வராமல் இருக்குமோ அந்த அளவுக்கு டாக்டர் இறக்கிக்கொண்டு வருவார். மூன்று மாதம் போல நன்றாக இருந்தால் குறைக்கலாமா என்று பார்ப்பார்கள். அதை அவர்தான் செய்ய வேண்டும், நான் செய்த மாதிரி செய்யக் கூடாது.

சரி, கொடுக்கும் முறைக்கு வருகிறேன். என் அனுபவத்தில் கோளாறு பாதிக்கு மேல் இங்கேதான்.

இன்ஹேலர் பிறந்த கதையே ஒரு பிள்ளையால்தான். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் என்பவர் ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவர். ஆஸ்துமா இருந்த அவருடைய 13 வயது மகள் 1955-ல் கேட்டாளாம், தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைத்துத் தர முடியாதா என்று. அடுத்த வருஷம் 1956-ல் முதல் இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது. ஆனால் பாருங்கள், கேட்டவள் 13 வயதுப் பெண். அழுத்துகிற அதே நொடியில் மூச்சை இழுக்க அவளால் முடியும். மூன்று வயதுப் பிள்ளையால் முடியாது. அதற்குத்தான் ஸ்பேசர், இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டுகிற பிளாஸ்டிக் குழாய். அது இல்லாமல் நேராக வாயில் அடித்தால் மருந்து தொண்டையில் மோதி வயிற்றுக்குப் போய்விடும். நான்கு வயது வரைக்கும் மாஸ்க் வைத்த ஸ்பேசர் வேண்டும். அப்புறம் வாயில் கவ்விக்கொள்ளப் பழகிவிட்டால் மாஸ்க்கை எடுத்துவிடலாம்.

பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும், கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் மருந்து அந்த வழியாகப் போய்விடும். ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். ஸ்பேசரில் ஒரு சின்ன வால்வு இருக்கும், பிள்ளை மூச்சு விட விட அது அசையும். அதைப் பார்த்து ஒண்ணு, ரெண்டு என்று ஆறு வரை சத்தமாக எண்ணுங்கள். அப்புறம் எடுத்துவிடலாம். இரண்டாவது பஃப் எழுதியிருந்தால் அரை நிமிஷம் பொறுத்து, மறுபடியும் குலுக்கி, தனியாக அழுத்த வேண்டும். நேரம் மிச்சம் என்று இரண்டையும் சேர்த்து அழுத்துகிறவர்கள் நிறைய பேர். மருந்துதான் வீணாகும்.

அழும்போது கொடுத்தால் நன்றாக உள்ளே இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். தப்பு. வீறிட்டு அழுகிற பிள்ளைக்கு நுரையீரல் வரை போவது மிகக் கொஞ்சம். முதலில் நாலு நாள் மருந்தில்லாமல் வெறும் மாஸ்க்கை விளையாடக் கொடுங்கள். பொம்மைக்குப் போடட்டும், தாத்தாவுக்குப் போடட்டும். எங்கள் தெருவில் ஒரு குட்டிப் பெண், பிள்ளையாருக்குக்கூட மாஸ்க் வைத்து ஆறு எண்ணிவிட்டுத்தான் தனக்கு வைத்துக்கொள்வாள்.

தினசரி மருந்து போட்டதும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். துப்பத் தெரியாத பிள்ளைக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, மாஸ்க் பட்ட முகத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். இதற்கு நான் சொல்லும் வழி, காலையும் ராத்திரியும் பல் தேய்க்கப் போவதற்கு முன்னால் கொடுத்துவிடுவது. டூத் பிரஷ் பக்கத்திலேயே இருந்தால் மறக்கவும் மறக்காது. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடாதீர்கள், வழக்கமான அளவு போதும். ஸ்பேசரைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். தலை சீவின சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டும் அல்லவா, துடைத்த பிளாஸ்டிக்கில் மருந்தும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். சென்னை வெயிலில் இன்ஹேலரை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள்.

எது தினசரி, எது அவசரம் என்று வீட்டில் குழப்பம் வரும். நீலம் பெரும்பாலும் உடனடி மருந்து, மற்ற நிறமெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி, பெட்டியில் எழுதியிருப்பது இங்கிலீஷ். அந்த மஞ்சள் பை அம்மாவிடம் நான் சொன்னது, தினமும் போடுவதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடச் சொல்லி. டப்பாவில் எண்ணிக்கை காட்டாத ரகமாக இருந்தால் தேதி கிழிக்கிற காலண்டர் இருக்கிறதே, அதில் குறித்துவிடலாம். 120 பஃப், ஒரு நாளைக்கு இரண்டு என்றால் அறுபதாம் நாள் தாளில் "புதுசு வாங்கு" என்று எழுதுங்கள். தண்ணீர் டம்ளரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது நம்பத்தக்க சோதனை கிடையாது.

சில பிள்ளைகளுக்கு ராத்திரியில் மான்டெலுகாஸ்ட் என்ற இன்னொரு ஆஸ்துமா மருந்து எழுதுவார்கள், மெல்லுகிற மாத்திரையாகவோ சிரப்பாகவோ. சளி மருந்து என்று நினைத்து மாதக்கணக்கில் தாங்களாகவே வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை கெட்ட கனவு கண்டு அலறுகிறதா, காரணமில்லாமல் முரண்டு பிடிக்கிறதா, சுணங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். இதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் தன்னுடைய மிகக் கடுமையான எச்சரிக்கையை அந்த மருந்துக்குப் போட்டது. அப்படி எதுவும் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம் புகை. குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடாமல் பிள்ளையைத் தூக்குவதில்லை என்பவர்களிடம் நான் தோற்றிருக்கிறேன். வெள்ளி, செவ்வாய் பூஜைக்குப் போடுங்கள், பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும் என்று கடைசியில் சமாதானத்துக்கு வருவேன். கொசுவத்திச் சுருளுக்குப் பதில் வலை கட்டுங்கள். தீபாவளிக்கும் போகிக்கும் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். அந்த வாரத்தில் தினசரி மருந்து ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது.

எத்தனை ஒழுங்காகக் கொடுத்தாலும் ஒரு நாள் இழுப்பு வரலாம். விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறது, பால் குடிக்கவோ பேசவோ முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது, நீல மருந்து கொடுத்தும் கேட்கவில்லை, கேட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்படுகிறது: இதில் எது ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை டாக்டர் எழுதிக்கொடுத்தபடி நீல மருந்தை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே இருங்கள். தினசரி மருந்தை அந்த நேரத்தில் எத்தனை அழுத்தினாலும் பயன் இல்லை.

அந்த மஞ்சள் பை அம்மா மார்கழியில் மறுபடி வந்தார். ஆரஞ்சு இன்ஹேலரில் பொட்டு ஒட்டியிருந்தது. எண்ணிக்கை காட்டுகிற ரகம் அது. 20-க்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் 71 என்று காட்டியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஊருக்குப் போனப்ப எடுத்துட்டுப் போக மறந்துட்டேன் சிஸ்டர். டாக்டர் கேட்டா தினமும் கொடுத்தேன்னு சொல்லிடவா?"

"சொல்லும்மா, தாராளமா சொல்லு. இந்த அளவு பத்தலைன்னு நினைச்சு அவர் இன்னும் கூட்டி எழுதுவார், பரவாயில்லையா?"

அவர் உள்ளே போய் உள்ளதைச் சொல்லிவிட்டார். டாக்டர் அளவை மாற்றவில்லை. பையன் அதற்குள் என் மேசையில் இருந்த ஸ்டெதஸ்கோப்புக்கு மாஸ்க் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். நாலுக்கு அப்புறம் அவனுக்கு ஏழுதான் வந்தது.

வணக்கம்.