179ஆம் எண் பேருந்தில் ஒரு முதுகலைப் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே ஆசிரியர்கள் படிக்கும் முதுகலைக் கல்விப் பட்டத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. படித்த காலத்தில், பள்ளி முடிந்ததும் திருத்த வேண்டிய நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறுவேன். ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, பூன் லேயில் இறங்கி, 179ஆம் எண் பேருந்தைப் பிடித்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போவேன். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

"இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தது போதாதாம்மா? இப்ப நீயும் போய் உட்காரணுமா?" என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். நீங்களும் அதையே கேட்கக்கூடும்.

2020 ஏப்ரலில் கொவிட் பரவலைத் தடுக்கக் கிருமி முறியடிப்புக் காலம் தொடங்கியதும் பள்ளிகள் வீட்டிலிருந்தபடி கற்றலுக்கு மாறியது உங்களுக்கு நினைவிருக்கும். என் வகுப்பில் பாதிப் பேர் கேமராவை அணைத்தே வைத்திருந்தார்கள். நான் கோபப்பட்டேன். "முகத்தைக் காட்டுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு சிறுமி மட்டும் கேமராவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் கொடியில் ஈரத்துணி, அதற்குக் கீழே யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று மறுபடி மூடிவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியும். இவர்கள் எங்கிருந்து என் வகுப்புக்கு வருகிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. அதனால்தான் விண்ணப்பித்தேன்.

நகரத்துப் பிள்ளைகளின் வீடும் வட்டாரமும் வருமானமும் அவர்கள் படிப்பை எப்படிப் பாதிக்கின்றன என்று பார்ப்பதுதான் நகர்ப்புறக் கல்வி. அந்தப் பெயரிலேயே முதுகலைப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் உண்டு. அங்கே பள்ளிக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீடுகளின் மதிப்பு குறைந்த வட்டாரத்தில் பள்ளியின் வருமானமும் குறையும். நமக்கு அப்படியில்லை, பணம் கல்வி அமைச்சிலிருந்து வருகிறது. சரி, தீவு முழுவதும் நகரமாக இருக்கும்போது நமக்கு எதற்கு நகர்ப்புறக் கல்வி?

தொடக்கநிலை ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கப் பதிவு செய்திருப்பீர்கள். இடம் போதாவிட்டால், பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு வாடகை வீட்டு புளோக்கும் இருக்கும், ஐந்தறை வீடும் இருக்கும், சாலைக்கு எதிர்ப்பக்கம் கொண்டோமினியமும் இருக்கும். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சீருடையில், ஒரே பெஞ்சில். சீருடை எல்லாவற்றையும் மறைத்துவிடும், நேயர்களே. ஆசிரியர் தேடிப் போனால்தான் தெரியும்.

முதுகலை வகுப்பில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் வகுப்பில் ஒரு மாணவரைத் தேர்ந்தெடுங்கள், பெற்றோரின் சம்மதத்தோடு, அந்தப் பிள்ளை எழுந்ததிலிருந்து தூங்கும் வரை ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டு எழுதுங்கள், அவ்வளவுதான். நான் தொடக்கநிலை ஐந்தில் படித்த ஒரு பையனைத் தேர்ந்தெடுத்தேன். 'என் அறை' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, "என் அறை சுத்தமாக இருக்கும். என் அறையில் மேசை இருக்கிறது" என்ற இரண்டே வரியோடு நிறுத்தியவன். சிவப்பு மையில் 'இன்னும் விரிவாக எழுதுக' என்று நான் போட்டிருந்தேன்.

அவன் வீடு பத்தாவது மாடியில், ஈரறை வாடகை வீடு. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஐந்து பேர். படுக்கையறை பாட்டிக்கு. அப்பா இரவு வேலைக்குப் போகும் பாதுகாவலர், பிற்பகலில் கூடத்தில் தூங்குவார். பையன் பள்ளிவிட்டு வந்ததும் வெளியே நடைபாதையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். வானம் மூடியிருக்கும் நாட்களில் எழுத்து தெரியாது. ஏழு மணிக்கு நடைபாதை விளக்கு எரிந்த பிறகுதான் வீட்டுப்பாடம். அவனுக்கு அறையும் இல்லை, மேசையும் இல்லை. நான் கேட்டதற்காக எனக்கு ஒரு மேசையை எழுதிக் கொடுத்திருக்கிறான்.

இதையெல்லாம் உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தந்தார்: 'தலைப்பைத் தேர்ந்தெடுத்தது யார்?'

நான்தான். பத்து வருடமாக அதே பயிற்சித்தாள், அதே தலைப்பு.

மறுவாரம் வகுப்பில் 'வீட்டுக்கு வெளியே எனக்குப் பிடித்த இடம்' என்று மாற்றினேன். அந்தப் பையன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். பக்கத்து வீட்டு மாக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, தன் பாண்டான் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது நோட்டு நனையாமல் இருக்கத் தொட்டியைத் தள்ளி வைப்பாராம். அப்புறம் ஒரு வரி, எனக்கு மனப்பாடம்: 'மின்தூக்கி திறந்தால் செருப்புச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.' எத்தனை நல்ல தமிழ் பாருங்கள்! அது அவனிடம் அதுவரைக்கும் இருந்துகொண்டே இருந்தது. நான் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், வேலையை விட்டுவிட்டுப் படிப்பதைவிட வேலையில் இருந்துகொண்டே படிப்பது ஆசிரியருக்கு நல்லது. செவ்வாய் மாலை கேட்ட கேள்வியைப் புதன் காலையில் வகுப்பில் போட்டுப் பார்க்கலாம். சரிவரவில்லை என்றால் அடுத்த செவ்வாயன்றே சண்டை போடலாம். நாங்கள் போட்டிருக்கிறோம்.

உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது இன்னும் அவசரம். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்று மாணவர்களைப் பிரிக்கும் பழைய முறை இல்லை. பாடத்தை ஜி1, ஜி2, ஜி3 என்று வெவ்வேறு நிலையில் படிப்பவர்கள் ஒரே வகுப்பில் ஒன்றாக இருக்கிறார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது.

சரி, படிக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு வேகமாக. நம் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சிக்குப் போகும் உரிமை உண்டு, ஆனால் ஒரு பட்டப்படிப்பு அதற்குள் அடங்காது. விண்ணப்பிப்பதற்கு முன்பே பள்ளி முதல்வரிடம் பேசுங்கள். 'ஆதரவு தருகிறோம்' என்ற பொதுவான வார்த்தையோடு எழுந்து வந்துவிடாதீர்கள். வகுப்பு இருக்கும் நாட்களில் இணைப்பாட நடவடிக்கைப் பொறுப்போ கூட்டமோ இருக்காது என்று கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் விட்டேன், முதல் பருவத்தில் மூன்று வகுப்புகள் போயின. வீட்டிலும் கேளுங்கள், அந்த நாட்களில் சமையல் யார் என்று. பூன் லேயில் மாலை நேரத்தில் 179க்கு வரிசை நீளமாக இருக்கும், பத்து நிமிடம் சேர்த்துக் கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.