காட்டிக்கொடுத்த மடிப்பு

நேயர்களுக்கு வணக்கம். கசிந்த அரசாங்க ஆவணத்தை வெளியிடலாமா என்று கேட்டால் உடனே ஒரு பட்டிமன்றம் கூடிவிடும்: ஒரு பக்கம் மக்களின் அறியும் உரிமை, மறுபக்கம் நாட்டுப் பாதுகாப்பு. அந்த வாதத்தில் பெரும்பாலும் மறந்துபோகிறவர், ஆவணத்தைக் கொடுத்தவர்.

2017ல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் அறிக்கை ஒன்றை ரியாலிட்டி வின்னர் என்ற ஒப்பந்த ஊழியர் அச்செடுத்து, ‘தி இன்டர்செப்ட்’ செய்தித்தளத்துக்குத் தபாலில் அனுப்பினார். உண்மைதானா என்று உறுதிசெய்ய, அதன் படியைச் செய்தித்தளத்தார் அரசாங்கத் தரப்பிடமே காட்டினார்கள். சரிபார்ப்பது கடமைதான். ஆனால் படியில் மடிப்புக்கோடு தெரிந்தது. மடித்த தாள் என்றால் யாரோ அச்செடுத்திருக்க வேண்டும். கணினிப் பதிவைப் புரட்டினால், அச்செடுத்தவர்கள் ஆறே பேர். அவர்களில் ஒருவருடைய அலுவலகக் கணினியிலிருந்துதான் அந்தச் செய்தித்தளத்துக்கு மின்னஞ்சல் போயிருந்தது. செய்தி வெளிவருமுன்பே கைது. மறு ஆண்டு, ஐந்து ஆண்டு மூன்று மாதச் சிறை. போதாக்குறைக்கு, இணையத்தில் ஏற்றிய பக்கங்களில் கலர் பிரிண்டர் பதிக்கும் நுண்ணிய மஞ்சள் புள்ளிகளும் அப்படியே இருந்தன. அச்சான நாள் மே 9, காலை 6.20 என்று வெளியாட்களே படித்துச் சொன்னார்கள்.

ஆகவே சரிபார்க்கும்போது தாளைக் காட்டாமல், உள்ளடக்கத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். வெளியிடும்போது ஸ்கேன் வேண்டாம். தேவையான பகுதியைப் புதிதாகத் தட்டச்சு செய்வது மேல். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. கசியவிட்டவரைப் பிடிக்க, ஆளுக்கு ஆள் ஒரு சொல்லோ நிறுத்தற்குறியோ மாற்றிப் படிகள் கொடுக்கப்பட்டிருக்கலாம். சொந்த நடையில் எழுதினால் அந்தப் பொறி வேலை செய்யாது. பெயர்களை மறைக்கப் பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் வரைகிறார்களே, அது வெறும் திரைச்சீலை. நகலெடுத்து ஒட்டினால் கீழே உள்ள எழுத்து வந்துவிடும். எழுத்தையே அழித்துவிட வேண்டும்.

எதை வெளியிடாமல் விடுவது என்பதற்கு, அமெரிக்க அரசாங்கத்தின் ரகசியப் போர் ஆய்வைக் கசியவிட்ட டேனியல் எல்ஸ்பெர்க் நல்ல முன்னோடி. 1971ல் வியட்நாம் போர் பற்றிய அந்த ஆய்வின் 47 தொகுதிகளில், சமரசப் பேச்சு தொடர்பான நான்கை அவர் பத்திரிகைகளுக்குக் கொடுக்கவில்லை. பேச்சு கெட்டுவிடக் கூடாதே!

சிங்கப்பூருக்கு வருவோம். 1935ல் வந்த அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின் வலை மிக அகலம். தாளில் ‘ரகசியம்’ என்ற முத்திரை இருந்தாக வேண்டும் என்பதில்லை. பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்று தப்பிக்க அதில் தனி விதிவிலக்கும் கிடையாது. இது பெரிய குறை என்பது என் கருத்து. 1992ல் பொருளியல் வளர்ச்சி முன்மதிப்பீடு அதிகாரபூர்வ அறிவிப்புக்கு முன்பே ‘பிசினஸ் டைம்ஸ்’ நாளிதழில் வந்தது. 1994ல் ஐவருக்கு அபராதம். நாளிதழின் ஆசிரியரும் அவர்களில் ஒருவர்.

கொடுப்பவரோடு வாங்குபவரும் மாட்டுவார். முறைகேடாக வந்த தகவல் என்று தெரிந்தே பெற்றிருந்தால், தன் விருப்பத்துக்கு மாறாக வந்தது என்பதை அவரே நிரூபிக்க வேண்டும். 2020ல் அன்றாடக் கொவிட் எண்ணிக்கை முன்கூட்டியே அரட்டைச் செயலிகள் வழியே கசிந்தபோது, பெற்றுப் பரப்பியவர்களும் விசாரிக்கப்பட்டார்கள். நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மேல் ஓரத்தில் நேரம், அதன் கீழே குழுவின் பெயர், சில சமயம் அனுப்பியவரின் எண்ணும் இருக்கும்.