அடுத்த பள்ளி எங்கே என்று முதலில் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை நிமித்தம் குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே நல்ல பள்ளி எது?" என்பதுதான். பதிலுக்கு நானும் ஒன்று கேட்பேன்: "அங்கிருந்து அடுத்து எங்கே போவீர்கள்?" இரண்டாண்டு ஒப்பந்தமா, நிரந்தரமாகத் தங்கும் எண்ணமா? திரும்பும்போது பிள்ளை எந்த வகுப்பில் இருப்பான்? இதை வீட்டில் பேசி முடிக்காமல் பள்ளிகளின் பட்டியலைப் புரட்டுவதில் பயனில்லை.

சில ஆண்டுகளில் தாய்நாடு திரும்புவது உறுதியென்றால், தாய்நாட்டுப் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளி அங்கே கிடைக்கிறதா என்று பாருங்கள். வளைகுடா நாடுகளில் சிபிஎஸ்இ பள்ளிகள் நிறைய உண்டு. பிரெஞ்சு, ஜெர்மன் பாடத்திட்டப் பள்ளிகளும் பல நாடுகளில் இருக்கின்றன. நாடு விட்டு நாடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களுக்குப் பன்னாட்டுப் பாடத்திட்டம் கைகொடுக்கும். 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்ட அமைப்பு, இப்படி இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் சேர வழி வேண்டும் என்பதற்காகவே உருவானது. கட்டணம் கனமாகத்தான் இருக்கும்.

நீண்ட காலம் தங்கப்போகிறீர்கள், பிள்ளையும் சிறுவயது என்றால், உள்ளூர்ப் பள்ளியைத் தயங்காமல் பரிசீலியுங்கள் என்பேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்வதற்கு ஈடான ஒன்றை எந்தப் பன்னாட்டுப் பள்ளியும் தந்துவிட முடியாது.

ஆனால் மொழி விஷயத்தில் பெற்றோர் அவசரப்படுகிறார்கள். கனடாவைச் சேர்ந்த மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். புதிய மொழியில் சரளமாகப் பேச ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போதும். அதே மொழியில் பாடம் படித்து, காரணகாரியம் எழுதி, வகுப்பிலுள்ள மற்றவர்களுக்கு இணையாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். விளையாட்டுத் திடலில் உள்ளூர் மொழியில் சண்டை போடும் மகளைப் பார்த்துப் பூரித்துப் போகிறோம். மறுநாள் அறிவியல் தேர்வில், "பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது? விளக்குக" என்ற கேள்விக்குக் கீழே அரை வரி எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் காரணம் தெரியும். அதை எழுதும் அளவுக்கு அந்த மொழி இன்னும் வசப்படவில்லை. இந்த நிலையில் இருக்கும் குழந்தையை மந்தம் என்று முத்திரை குத்துவதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. இந்த இடைக்காலத்தில் வீட்டில் தாய்மொழியை நிறுத்திவிடாதீர்கள். அதில் வாசிக்கவும் யோசிக்கவும் பழகிய குழந்தைக்கு, அந்தத் திறன் இரண்டாம் மொழிக்கும் கூடவே வரும்.

எந்த வயதில் போகிறோம் என்பதும் முக்கியம். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப்பள்ளி நான்கு ஆண்டுகள்தான். அது முடிந்ததும், பத்து வயதை ஒட்டி, பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். ஐந்து வயதில் அங்கே போகும் குழந்தைக்கு மொழி பிடிபட அவகாசம் இருக்கிறது. ஒன்பது வயதில் போனால், மொழி நாவில் ஒட்டுவதற்குள் அந்தத் தீர்மானம் வந்துவிடும். பிறகு மாற வழி உண்டு என்றாலும் அது எளிதல்ல. கல்வியாண்டுக் கணக்கையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் வகுப்புகள் ஜனவரி இறுதியை ஒட்டித் தொடங்கும், ஜப்பானில் ஏப்ரல், ஐரோப்பாவின் பல நாடுகளில் ஆகஸ்ட், செப்டம்பர். இடம் மாறும்போது படித்த பாதியையே மறுபடி படிக்க வேண்டிவரும், அல்லது படிக்காத பாதியைத் தாண்ட வேண்டிவரும்.

பள்ளியைப் பார்க்கப் போனால் வகுப்புகள் நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். நீச்சல் குளத்தையும் அரங்கத்தையும் காட்டுவார்கள், பார்த்துவிட்டு நகருங்கள். ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள். மொழி உதவி வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? அதற்காக அவனை வெளியே அழைத்துப் போகும்போது எந்தப் பாடம் விட்டுப்போகிறது? ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை ஆண்டுகள் இங்கே தங்குகிறார்கள்? பன்னாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர்களே இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வருவது சகஜம். இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் விவரமாகப் பதில் சொல்லும் பள்ளி, புதுப்பிள்ளைகளை உண்மையாகவே கவனித்திருக்கிறது என்று நம்பலாம்.

கடைசியாக, பதினான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகள். பிரிட்டிஷ் பாணியில் பத்தாம் வகுப்பு நிலைக்கு ஒப்பான ஐஜிசிஎஸ்இ வழக்கமாக இரண்டாண்டுப் படிப்பு. அதற்கடுத்து, பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் ஏ லெவல் இரண்டாண்டு. ஐபி அமைப்பின் பள்ளியிறுதிப் படிப்பான ஐபி டிப்ளமாவும் ஆறு பாடங்களோடு இரண்டாண்டு. எதையும் நடுவில் விட்டுவிட்டு வேறிடத்தில் தொடர்வது மிகவும் கடினம். ஒரே பெயருள்ள படிப்பிலும் பாடத் தேர்வுகள் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஆகவே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே நிறுவனத்திடம் பேசுங்கள்: பிள்ளை இறுதித் தேர்வு எழுதும்வரை இடமாற்றத்தைத் தள்ளிவைப்பார்களா? முடியாதென்றால், தாயோ தந்தையோ பிள்ளையோடு அங்கேயே தங்க விசாவும் நிறுவனம் தரும் பள்ளிக் கட்டணமும் தொடருமா? சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணியில் சேர்ந்த பிறகு இவற்றைக் கேட்டுப் பெறுவது மிகவும் சிரமம்.

நன்றி, வணக்கம்.