தாய்ப்பத்திரம் எங்கே?

(ராயபுரத்தில் ஓர் ஆலய மண்டபத்தில் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அன்பான சபையாரே,

கொருக்குப்பேட்டையில் அரை கிரவுண்டு வாங்குவதென்றாலும் தாய்ப்பத்திரம் எங்கே என்கிறோம். முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். ஆயுளையே ஒப்படைத்திருக்கும் வேதத்தைப் பற்றி மட்டும் கேட்கப் பயம். கேட்டால் அவிசுவாசமாம். சீடர் தோமா ஆதாரம் கேட்டபோது ஆண்டவர் கோபிக்கவில்லை, காயம்பட்ட கையைக் காட்டினார்.

ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். வேதத்துக்குத் தாய்ப்பத்திரம் இல்லை. பவுல் அனுப்பிய நிருபங்களில் மூல ஏடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நம்மிடம் இருப்பவை நகல்கள். ஆனால் நகல்கள் பல இருந்தால், ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்கலாமே!

1947 வாக்கில் சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் தோல் சுருள்கள் அகப்பட்டன. அவற்றில் ஏசாயா புத்தகத்தின் 66 அதிகாரங்களும் அடங்கிய சுருள் ஒன்று, ஏழு மீட்டருக்கும் மேல் நீளம், கிறிஸ்துவுக்கு முன்பே எழுதியது. அதுவரை கையிலிருந்த முழு எபிரெயப் பிரதிகளோ கி.பி. பத்தாம், பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆயிரம் ஆண்டு இடைவெளி! ஒப்பிட்டால் பெரும்பாலும் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள். சில இடங்களில் சொல்லும் மாறுகிறது. 53:11-இல் பழைய சுருளில் ‘ஒளி’ என்ற சொல் கூடுதலாக இருக்கிறது. அதற்காக, அங்கே சொல்லப்படும் பாடுபடும் தாசன் அந்த அதிகாரத்தைவிட்டுப் போய்விடவில்லை.

இன்னொன்று. வீட்டிலுள்ள பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7-ஐப் பாருங்கள். ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்’ என்றிருக்கும். அந்த வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, பிற்காலத்தில் நுழைந்தது. முன்வரிசைப் பெரியவர் முகம் சுளிக்கிறார், பாதகமில்லை ஐயா. திரித்துவம் அந்த ஒரு வரியில் தொங்கவில்லை. நுழைந்ததை இனங்காண முடிகிறது என்பதே எனக்குத் தெம்பு.

ஏடு பெரிதும் மாறவில்லை என்பதால் அதில் உள்ளது உண்மை என்று ஆகிவிடாது. மாறாத பொய்யும் உண்டு. அதற்கு நான் பேதுருவிடம் போவேன். இந்த ஊர்ப் பெயரே அவருடையது என்பார்கள், ராயப்பர்தானே பேதுரு! சபைக்குத் தலையானவர். அவர் ஆண்டவரை மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. ஒருவராவது மூடி மறைத்திருக்கலாம்.

மத்தேயுவைக் கேளுங்கள்: ‘உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது’ என்று அங்கே நின்றவர்கள் பேதுருவிடம் சொன்னார்களாம். கலிலேயா மீன்காரப் பேச்சு. வாயைத் திறந்ததும் ‘காசிமேடா?’ என்று கேட்கப்பட்ட நமக்கு அது புரியாதா? மாற்குவும் மூடி மறைக்கவில்லை; பேதுரு சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினார் என்கிறார். அந்த மாற்கு பேதுருவின் வாயிலிருந்து கேட்டு எழுதினார் என்பது இரண்டாம் நூற்றாண்டுச் சபைத் தலைவர் பப்பியாஸ் சொன்ன செய்தி. அப்படியானால், தன் மானக்கேட்டை எடுத்துச் சொன்னவர் அந்த வலைக்காரரேதான்.